3 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் குரல் கரகரப்பு, வலியில்லாத கழுத்துக் கட்டி: தொண்டைப் புற்றுநோயின் எச்சரிக்கை அறிகுறிகளை அறிவது எப்படி?

புதுடெல்லி: தொண்டை கட்டிக்கொள்வது, விழுங்கும்போது உறுத்துவது, கழுத்தில் நெறி கட்டுவது ஆகியவை எல்லோருக்கும் எப்போதாவது வந்து போகும் சிறு தொல்லைகள். பெரும்பாலும் அவை சில நாள்களில் தாமாகவே விலகிவிடுகின்றன. ஆனால், தொண்டைப் புற்றுநோயும் தன் தொடக்க நிலையில் ஏறத்தாழ இதே தோற்றத்தில்தான் வெளிப்படுகிறது. அதனாலேயே நோயாளிகளும், சில வேளைகளில் மருத்துவர்களும் அதைச் சாதாரணத் தொற்று என எண்ணி விலைமதிப்பற்ற மாதங்களை இழந்துவிடுகின்றனர்.

இந்த இழப்பின் அளவைப் புள்ளிவிவரங்கள் தெளிவாகக் காட்டுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, தலை மற்றும் கழுத்துப் பகுதிப் புற்றுநோயுடன் மருத்துவமனைக்கு வந்தவர்களில் 66.6 விழுக்காட்டினருக்கு, நோய் கண்டறியப்பட்டபோதே அது தோன்றிய இடத்தைக் கடந்து அருகிலுள்ள திசுக்களுக்கோ நிணநீர்க் கணுக்களுக்கோ பரவியிருந்தது. அதாவது, மூவரில் இருவர் தாமதமாகவே மருத்துவரிடம் வந்து சேர்கின்றனர்.

அறிகுறியே முதல் பரிசோதனை:

நாடு முழுவதும் உள்ள அரசு நலவாழ்வு மையங்களில் 30 வயதைக் கடந்தவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கான முன்பரிசோதனை அளிக்கப்படுகிறது. இந்தப் பட்டியலில் தொண்டை இல்லை. வாயைத் திறந்தால் கன்னத்தின் உட்புறமும் நாக்கும் வெறுங்கண்ணுக்குத் தெரியும். தொண்டையின் அடிப்பகுதியும் குரல்வளையும் அவ்வாறு தெரிவதில்லை. இரத்தப் பரிசோதனை வாயிலாகவும் இந்நோயை உறுதி செய்ய இயலாது.

எனவே, எந்தத் தொல்லையும் இல்லாத மக்களை வரிசையில் நிறுத்தி இந்நோயைக் கண்டுபிடிக்கும் எளிய முறை நடைமுறையில் இல்லை. உடல் தரும் அறிகுறியை உணர்ந்து, உரிய காலத்தில் மருத்துவரை நாடுவது ஒன்றே வழி. இங்குக் கவனிக்க வேண்டியது தொல்லையின் கடுமையை அன்று. அது நீடிக்கும் காலத்தை. கடுமையான வலியுடன் வரும் தொண்டைத் தொற்று ஒரு வாரத்தில் குணமாகிவிடலாம். வலியே இல்லாத குரல் மாற்றம் ஒரு மாதம் கடந்தும் மாறாமல் நின்றால், அதுவே கவலைக்குரியது.

'தொண்டை' என்பது எந்தப் பகுதி?

பொதுவழக்கில் தொண்டை என ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும், மருத்துவம் அதைப் பல பகுதிகளாகப் பிரிக்கிறது. மூக்கின் பின்புறத்தில் தொடங்கி உணவுக்குழாயின் வாயில் வரை நீளும் தசைக்குழாய், ஏறத்தாழ 12 முதல் 13 செ.மீ. நீளமுடையது. மூக்கின் பின்னால் இருப்பது மேல்தொண்டை. டான்சில்களும் அடிநாக்கும் அமைந்திருப்பது நடுத்தொண்டை. குரல்வளையின் பின்புறமும் பக்கவாட்டிலும் அமைந்து உணவுக்குழாயுடன் இணைவது கீழ்த்தொண்டை. இவற்றின் முன்புறம், கழுத்தின் நடுவே குரல்வளை அமைந்துள்ளது. மூச்சுக்காற்று இதன் வழியாகவே நுரையீரலுக்குச் செல்கிறது. குரல் நாண்கள் இதனுள்தான் இருக்கின்றன.

நோய் எந்தப் பகுதியில் தோன்றுகிறது என்பதைப் பொறுத்தே அறிகுறிகளும், அவை வெளிப்படும் காலமும் மாறுபடுகின்றன. குரல் நாணில் தோன்றும் கட்டி முதலில் குரலை மாற்றும். கீழ்த்தொண்டையில் தோன்றும் கட்டி நெடுங்காலம் மறைந்திருந்து, கழுத்தில் நெறிக்கட்டியாகவே முதலில் வெளிப்படலாம். மேல்தொண்டையில் தோன்றும் கட்டி, காது அடைப்பாகவோ மூக்கில் இரத்தம் வடிதலாகவோ தன்னைக் காட்டலாம். ஆகவே, தொண்டைப் புற்றுநோய்க்கு ஒரே ஓர் அறிகுறியை மட்டும் எதிர்பார்த்துக் காத்திருப்பது சரியன்று.

குரலில் ஏற்படும் மாற்றம்:

நாம் பேசும்போது ஆண்களுக்கு நொடிக்கு நூறு முறைக்கும் மேலாகவும், பெண்களுக்கு ஏறத்தாழ இருநூறு முறையும் குரல் நாண்கள் அதிர்கின்றன. அவற்றின் விளிம்பில் கடுகளவு தடிப்பு ஏற்பட்டாலும் அதிர்வின் ஒழுங்கு குலைந்து, குரல் கரகரக்கத் தொடங்கும். இதனால்தான் குரல் நாண் புற்றுநோய் மிகச் சிறிய அளவில் இருக்கும்போதே அறிகுறி காட்டுகிறது. குரல் நாண்களில் நிணநீர் நாளங்கள் மிகக் குறைவு என்பதால், அங்குத் தோன்றும் நோய் வெளியே பரவுவதற்கும் காலம் பிடிக்கிறது. இவ்விரு காரணங்களால், காலத்தில் கண்டறிந்தால் முழுமையாகக் குணப்படுத்த வாய்ப்புள்ள புற்றுநோய்களுள் ஒன்றாக இது விளங்குகிறது.

சளி, இருமல், உரக்கக் கத்துதல் ஆகியவற்றால் தொண்டை கட்டினால், குரல் பொதுவாக இரண்டு வாரங்களுக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆசிரியர்கள், பாடகர்கள், தெருவில் கூவி விற்பவர்கள் போன்றோருக்குக் குரல் நாண்களில் புற்றுநோய் அல்லாத சிறு முடிச்சுகள் தோன்றுவதுண்டு. நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் உள்ளவர்களுக்கு இரைப்பை அமிலம் மேலேறிக் குரலைக் கெடுக்கலாம். காரணம் எதுவாக இருப்பினும், 3 வாரங்களுக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் குரல்வளையை நேரில் பார்த்துப் பரிசோதிக்கச் செய்ய வேண்டும். புகைப்பவர்கள் அவ்வளவு காலம்கூடக் காத்திருக்கத் தேவையில்லை.

குரல் மாற்றத்திற்கான காரணத்தைக் காணாமலேயே நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் திரும்பத் திரும்ப உட்கொள்வது பயனற்றது. ஸ்டீராய்டு மாத்திரைகள் வீக்கத்தைத் தற்காலிகமாகத் தணித்துக் குரல் தேறியதுபோன்ற தோற்றத்தை உண்டாக்கக்கூடும். அதை நம்பி மருத்துவரைக் காண்பதைத் தள்ளிப்போடுவது ஆபத்தானது.

விழுங்குவதில் சிரமம்:

தொண்டையில் ஏதோ ஒன்று சிக்கியிருப்பது போன்ற உணர்வு பலருக்கு ஏற்படுகிறது. இவ்வுணர்வு எச்சில் விழுங்கும்போது மட்டும் தோன்றி, உணவு உண்ணும்போது மறைந்துவிட்டால், அது பெரும்பாலும் மனப்பதற்றத்தாலோ அமில எதுக்களிப்பாலோ ஏற்படுவதாகும். புற்றுநோயால் ஏற்படும் சிரமம் இதற்கு நேர்மாறானது. முதலில் சப்பாத்தி, இறைச்சி போன்ற கெட்டியான உணவு சிக்கும். பின்னர் குழைத்த சோறும், அதன்பின் கஞ்சியும் தண்ணீரும்கூட இறங்காமல் போகும். இவ்வாறு படிப்படியாக அதிகரிக்கும் சிரமத்தை எந்த வயதிலும் அலட்சியப்படுத்தக் கூடாது.

பலர் தம்மை அறியாமலேயே இச்சிரமத்திற்கு ஏற்ப உணவுப் பழக்கத்தை மாற்றிக்கொள்கின்றனர். ஒவ்வொரு கவளத்திற்கும் தண்ணீர் குடிப்பது, உண்பதற்கு முன்னைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வது, கெட்டியான உணவைத் தவிர்ப்பது ஆகியவற்றை உடன் உண்ணும் குடும்பத்தினரே முதலில் கவனிக்க இயலும். விழுங்கும்போது ஒரே பக்கத்தில் குத்துவது போன்ற வலி, தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரை ஏறுதல், காரணமின்றி உடல் எடை குறைதல் ஆகியவையும் இத்துடன் சேர்ந்தால் உடனடிப் பரிசோதனை அவசியம்.

கழுத்தில் வலியில்லாத கட்டி:

தொற்று ஏற்படும்போது கழுத்தில் தோன்றும் நெறிக்கட்டி பொதுவாகத் தொட்டால் வலிக்கும்; மென்மையாக இருக்கும்; தொற்று நீங்கியதும் சுருங்கிவிடும். புற்றுநோய் பரவியதால் உண்டாகும் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. அது கெட்டியாக இருக்கும், நாளடைவில் பெரிதாகும், பிற்பகுதியில் அசையாமல் ஓரிடத்தில் பதிந்துவிடும். வலி இல்லை என்பதையே ஆறுதலாகக் கொண்டு பலர் இக்கட்டியைப் பொருட்படுத்துவதில்லை. உண்மையில், நடுவயதைக் கடந்தவரின் கழுத்தில் வலியின்றித் தோன்றி 3 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் கட்டிக்கு, புற்றுநோய் இல்லை என உறுதியாகும் வரை ஓய்வின்றிக் காரணம் தேட வேண்டும் என்பதே மருத்துவ நெறி.

இந்தியாவில் இதற்கு மற்றொரு சிக்கலும் உண்டு. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால்பங்கினர் இந்நாட்டில் உள்ளனர். கழுத்து நிணநீர்க் கணுக்களில் காசநோய் தோன்றுவதும் இங்குப் பரவலாகக் காணப்படுகிறது. எனவே, கழுத்துக் கட்டியைக் கண்டவுடன் காசநோய் என ஊகித்து, பரிசோதனையின்றியே மாதக்கணக்கில் மருந்து அளிக்கப்படும் நிகழ்வுகள் உள்ளன. மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல்களை உறிஞ்சி எடுத்து ஆராயும் எளிய பரிசோதனை, இவ்விரு நோய்களையும் பிரித்தறிய உதவும். அப்பரிசோதனை செய்யப்பட்டதா என நோயாளி கேட்டறிவது தவறன்று.

காதில் வலி, தொண்டையில் நோய்:

காதில் எவ்விதக் கோளாறும் இல்லாமலேயே ஒரு பக்கக் காது மட்டும் தொடர்ந்து வலிப்பது, அதிகம் அறியப்படாத ஓர் எச்சரிக்கை. தொண்டைக்கும் காதுக்கும் உணர்வை எடுத்துச் செல்லும் நரம்புகள் பொதுவானவை. எனவே, அடிநாக்கிலோ டான்சிலிலோ கீழ்த்தொண்டையிலோ உள்ள கட்டியின் வலியை மூளை காதுவலியாக உணர்கிறது. காதைச் சோதித்த மருத்துவர் குறையேதும் இல்லை என்று கூறிய பின்னும் வலி நீடித்தால், தொண்டையையும் பரிசோதிக்க வேண்டும்.

இவை தவிர, எச்சிலிலோ சளியிலோ இரத்தம் கலந்து வருதல், இரு டான்சில்களில் ஒன்று மட்டும் பெரிதாக இருத்தல், வாயை முழுமையாகத் திறக்க இயலாமை, நாக்கை நீட்டுவதில் சிரமம், பற்களைத் தூய்மையாக வைத்திருந்தும் விலகாத வாய் நாற்றம், ஆறாத புண் ஆகியவையும் கவனத்திற்குரியவை. வயது வந்தவருக்கு ஒரு காது மட்டும் அடைத்து நீர் கோத்துக்கொள்வதும், ஒரு பக்க மூக்கில் மட்டும் தொடர்ந்து அடைப்போ இரத்தக் கசிவோ இருப்பதும் மேல்தொண்டையைச் சோதிக்க வேண்டியதன் அறிகுறிகளாகும்.

மூச்சை உள்ளிழுக்கும்போது சீழ்க்கை போன்ற ஒலி எழுந்தாலோ, மூச்சுத்திணறல் ஏற்பட்டாலோ, வாயிலிருந்து அதிக அளவில் இரத்தம் வந்தாலோ 3 வாரக் கணக்கு பொருந்தாது. அன்றே மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவை நாட வேண்டும். மூச்சுப்பாதை அடைபட்டு வருகிறது என்பதன் அடையாளமாக அது இருக்கலாம்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

புகையிலையே முதன்மைக் காரணம். 2016-17-இல் நடத்தப்பட்ட உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் 28.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். எண்ணிக்கையில் அது ஏறத்தாழ 26.7 கோடி. மேற்குறிப்பிட்ட 2020-ஆம் ஆண்டு அறிக்கை, அவ்வாண்டின் மொத்தப் புற்றுநோயாளிகளில் 27.1 விழுக்காட்டினருக்குப் புகையிலை தொடர்பான புற்றுநோய்களே ஏற்படும் என மதிப்பிட்டிருந்தது.

பீடி இயற்கையான இலையில் சுற்றப்படுவதால் சிகரெட்டைவிடத் தீங்கு குறைவானது என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. அது உண்மையன்று. பீடி அணையாமல் எரிய அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால், நச்சுப் பொருள்கள் ஏராளமாக உட்செல்கின்றன. குரல்வளை, கீழ்த்தொண்டைப் புற்றுநோய்களுடன் பீடிக்கு உள்ள தொடர்பு இந்திய ஆய்வுகளில் நிறுவப்பட்டுள்ளது. புகையிலையுடன் மதுப்பழக்கமும் சேரும்போது ஆபத்து கூடுவதோடு நில்லாமல் பல மடங்காகப் பெருகுகிறது. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் பாதுகாப்பானதன்று. பாக்கையே புற்றுநோயை உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியுள்ளது.

வடகிழக்கு மாநிலங்களின் நிலை தனியாகக் குறிப்பிடத்தக்கது. மேகாலயாவின் கிழக்கு காசி மலைப் பகுதியில் கீழ்த்தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களின் விகிதம் மிக உயர்ந்து காணப்படுகிறது. புகையிலையும் பச்சைப் பாக்கும் அங்கு அன்றாட வழக்கில் உள்ளன. நாட்டின் பிற பகுதிகளில் அரிதான மேல்தொண்டைப் புற்றுநோய், நாகாலாந்திலும் மணிப்பூரிலும் அதிகமாகப் பதிவாகிறது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்று, புகையூட்டிய இறைச்சி ஆகியவை அதனுடன் தொடர்புபடுத்தப்படுகின்றன.

புகையிலையைத் தொடாதவர்களுக்கு இந்நோய் வராது எனக் கூற இயலாது. ஹெச்.பி.வி. எனப்படும் மனிதப் பாப்பிலோமா வைரஸ், டான்சிலிலும் அடிநாக்கிலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. மேலை நாடுகளுடன் ஒப்பிடும்போது இந்தியாவில் இதன் பங்கு குறைவு என்றாலும், புகைப்பழக்கம் இல்லாதவர்களுக்கும் கழுத்துக் கட்டியாக இது வெளிப்படலாம். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுப்பதற்கான தடுப்பூசி, இதற்குக் காரணமான வைரஸ் வகைக்கு எதிராகவும் செயல்படுகிறது.

பெண்கள் கவனிக்க வேண்டியது:

நீண்டகால இரும்புச்சத்துக் குறைபாட்டால் இரத்தசோகைக்கு ஆளான பெண்கள் சிலருக்கு, உணவுக்குழாயின் தொடக்கத்தில் மெல்லிய சவ்வு போன்ற மடிப்பு உருவாகி, விழுங்குவதில் சிரமம் ஏற்படுகிறது. பிளம்மர்-வின்சன் நோய்க்குறி எனப்படும் இந்நிலை கவனிக்கப்படாமல் விடப்பட்டால், குரல்வளையின் பின்புறக் கீழ்த்தொண்டையில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு அதிகரிக்கிறது. புகையிலையையோ மதுவையோ அறியாத பெண்களுக்கும் இந்நோய் வருவதற்கு இது ஒரு காரணம். இரத்தசோகை பரவலாக உள்ள இந்நாட்டில், சோகையுடன் விழுங்குவதில் சிரமமும் சேர்ந்தால் வெறும் பலவீனம் எனக் கருதி விட்டுவிடாமல் பரிசோதனை செய்ய வேண்டும்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

பரிசோதனை குறித்த அச்சமே பலரைத் தாமதிக்கச் செய்கிறது. உண்மையில் முதல்கட்டப் பரிசோதனை மிக எளிது. மருத்துவர் முதலில் வாய், நாக்கு, டான்சில்கள், கழுத்து ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் சோதிப்பார். பின்னர் சிறு கண்ணாடியின் துணையுடனோ, மூக்கின் வழியாகச் செலுத்தப்படும் மெல்லிய வளையும் எண்டோஸ்கோபி கருவியின் மூலமோ குரல்வளையைப் பார்ப்பார். மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்துச் செய்யப்படும் இப்பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். மயக்க மருந்து தேவையில்லை. அன்றே வீடு திரும்பலாம்.

ஐயத்திற்குரிய இடம் தென்பட்டால், அங்கிருந்து சிறு திசுத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வர். பயாப்ஸி எனப்படும் இத்திசுப் பரிசோதனையே நோயை உறுதி செய்கிறது. நோயின் பரவலை அறிய சி.டி., எம்.ஆர்.ஐ. போன்ற ஸ்கேன்கள் உதவுகின்றன. ஆயினும், குரல் மாற்றத்துடன் வருபவருக்குக் குரல்வளையை நேரில் பார்ப்பதே முதல் படி. ஸ்கேன் அதற்கு மாற்றாகாது. கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்ற நம்பிக்கை மக்களிடையே வேரூன்றியுள்ளது. முறைப்படி செய்யப்படும் திசுப் பரிசோதனை தொண்டைப் புற்றுநோயைப் பரப்புவதில்லை. அதைத் தவிர்த்து நாள்களைக் கடத்துவதால்தான் நோய் பரவுகிறது.

ஒரு நூற்றாண்டுக்கு முன்பு இத்தகைய வாய்ப்புகள் அரிது. ராமகிருஷ்ண பரமஹம்சருக்கு 1885-இல் தொண்டை வலியாகத் தொடங்கிய நோய், பின்னர் புற்றுநோய் எனத் தெரியவந்தது. கொல்கத்தாவின் புகழ்பெற்ற மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் சிகிச்சை அளித்தும், 1886 ஆகஸ்ட் 16 அன்று அவர் மறைந்தார். அன்று கதிர்வீச்சுச் சிகிச்சையே கண்டறியப்பட்டிருக்கவில்லை. இன்று மாவட்டத் தலைநகரங்களிலேயே குரல்வளையைப் பார்க்கும் கருவிகளும், பெருநகரங்களில் முழுமையான சிகிச்சையும் கிடைக்கின்றன.

முன்கூட்டியே கண்டறிவதால் என்ன பயன்?

குரல் நாணோடு நின்றுவிட்ட முதல் கட்டப் புற்றுநோயை லேசர் அறுவை சிகிச்சை அல்லது கதிர்வீச்சு ஆகிய ஏதேனும் ஒரு முறையாலேயே குணப்படுத்தலாம். கதிர்வீச்சு பொதுவாக 5 முதல் 7 வாரங்கள் வரை அளிக்கப்படும். இக்கட்டத்தில் கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் குணமடைகின்றனர். பெரும்பாலோருக்குச் சொந்தக் குரலும் காக்கப்படுகிறது.

நோய் முற்றிய நிலையில் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோதெரபி ஆகியவற்றில் இரண்டோ மூன்றோ தேவைப்படலாம். சிலருக்குக் குரல்வளையை முழுமையாக அகற்ற நேரிடும். அதன்பின் அவர்கள் கழுத்தில் அமைக்கப்படும் துளை வழியாகவே மூச்சுவிட வேண்டும். இயற்கையான குரல் மீளாது. அந்நிலையிலும் நம்பிக்கை இழக்கத் தேவையில்லை. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே பொருத்தப்படும் சிறு குரல் கருவியின் உதவியுடன் மீண்டும் பேச இயலும். வெளிநாட்டுக் கருவிகள் ஆயிரக்கணக்கான ரூபாய் விலையுள்ளவை என்பதால், பெங்களூருவைச் சேர்ந்த புற்றுநோய் அறுவை சிகிச்சை நிபுணர் விஷால் ராவ், ஏறத்தாழ 50 ரூபாய் விலையில் 'ஓம்' என்ற கருவியை உருவாக்கியது குறிப்பிடத்தக்கது. எனினும், மூன்றாவது வாரத்தில் செய்யப்படும் சில நிமிடப் பரிசோதனை, குரல்வளையையே இழக்கும் நிலையைப் பெரும்பாலும் தவிர்த்துவிடும்.

செலவுக்கு அஞ்ச வேண்டாம்:

நாளாந்தக் கூலியை இழக்க நேரிடும் என்பதும், சிகிச்சைச் செலவும் ஏழைக் குடும்பங்களைத் தயங்கச் செய்கின்றன. 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தின் கீழ், தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோதெரபி ஆகியவையும் இதில் அடங்கும். 70 வயது நிறைந்த முதியோர் அனைவருக்கும் வருமான வரம்பின்றி இத்திட்டம் 2024-இல் விரிவுபடுத்தப்பட்டது. சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிகளுக்கு ரயில் கட்டணச் சலுகையும் உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் முன்முயற்சியால் 2012-இல் உருவான தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பு, நாடெங்கும் உள்ள மையங்களில் சீரான தரத்துடன் சிகிச்சை கிடைக்கச் செயல்பட்டு வருகிறது.

புகையிலையைக் கைவிட விரும்புவோர் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம். சிகரெட், பீடி, புகையிலைப் பொட்டலங்களின் மீது இவ்வெண் அச்சிடப்பட்டுள்ளது. பழக்கத்தை நிறுத்திய நாளிலிருந்து ஆண்டுகள் செல்லச் செல்ல ஆபத்து குறைகிறது. நோய் கண்டறியப்பட்ட பின்னர் நிறுத்தினாலும்கூடச் சிகிச்சையின் பலன் மேம்படுகிறது.

நினைவில் கொள்ள வேண்டியவை:

குரல் கரகரப்பு, விழுங்குவதில் சிரமம், கழுத்துக் கட்டி, ஒரு பக்கக் காதுவலி, ஆறாத புண் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், அது தொடங்கிய தேதியை நாள்காட்டியில் குறித்துக்கொள்வது நல்லது. எப்போது தொடங்கியது என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. 'இப்போதுதான் சில நாள்களாக' என்ற மதிப்பீடு பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். குறித்த தேதியிலிருந்து 3 வாரங்கள் கடந்தும் தொல்லை விலகவில்லை எனில், வெந்நீரில் உப்பிட்டுக் கொப்பளித்தல் முதலான வீட்டு வைத்தியத்தையும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளையும் நிறுத்திவிட்டு, காது, மூக்கு, தொண்டை மருத்துவரை அணுக வேண்டும்.

இவ்வறிகுறிகளுடன் செல்பவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. தொற்று, எதுக்களிப்பு, குரல் நாண் முடிச்சு, தைராய்டு வீக்கம் போன்ற எளிய காரணங்களே தெரியவரும். அவற்றுக்கும் உரிய சிகிச்சை கிடைக்கும். புற்றுநோய் உள்ள சிலருக்கோ, அது குணப்படுத்தக்கூடிய கட்டத்திலேயே கண்டறியப்படும். எனவே, குடும்பத்தில் ஒருவரின் குரல் மாறியிருப்பதையோ, அவர் உணவைத் தள்ளிவைப்பதையோ கவனிப்பவர்கள், அவரே முடிவெடுக்கட்டும் எனக் காத்திராமல் உடன் அழைத்துச் செல்வது நன்று.